கோல்ஃப் மனப்பயிற்சி: ஐந்து வழிகளில் எதை முதலில் எடுப்பது?

நாலு மணி நேரம் நீளும் ஒரு ரவுண்டில் (18 ஹோல் ஆட்டம்) 90 ஷாட் ஆடுகிறவர் கிளப்பை வீசும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. ஒரு ஸ்விங் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க நடை, காத்திருப்பு, யோசனை. பயிற்சித் திடலான ரேஞ்சில் பந்து நேராகப் போகும் வாரத்திலும் களத்தில் ஸ்கோர் கைநழுவுவதற்கு இந்த மீதி நேரமும் ஒரு காரணம். சரி, மனதைப் பழக்கலாம் என்று இறங்கினால் ஐந்து வழிகள் முன்னால் நிற்கின்றன: களத்தில் முடிவெடுக்கும் முறையைத் திருத்துவது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஒரே நடைமுறையைப் பின்பற்றுவது, அழுத்தத்தை வரவழைத்துப் பயிற்சி செய்வது, மூச்சும் தியானமும், கடைசியாக விளையாட்டு உளவியலாளரிடம் போவது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிகிறவர் ஐந்தையும் ஒன்றாகத் தொடங்கினால் எதுவும் ஒட்டாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் ஸ்கோர் எங்கே ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று ரவுண்டு போதும்.

ஒழுகும் இடம்

வீணான ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஸ்கோர்கார்டின் ஓரத்தில் ஓர் எழுத்து போடுங்கள். "மு" என்றால் முடிவு தவறு: தேர்ந்த கிளப்போ குறியோ தப்பு. "த" என்றால் தயக்கம்: பந்தின் மேல் குனிந்த பிறகும் 6 அயர்னா 7 அயர்னா (அயர்ன் கிளப்பின் எண் குறையக் குறையப் பந்து அதிகத் தூரம் போகும்) என்று மனம் இழுபட்டுக்கொண்டிருந்தது. "கோ" என்றால் கோபம்: முந்தைய ஷாட்டின் எரிச்சலோ, மொத்த ஸ்கோரின் கணக்கோ இந்த ஷாட்டுக்குள் புகுந்துவிட்டது. "ஸ்" என்றால் வெறும் ஸ்விங்: முடிவு தெளிவு, மனம் அமைதி, பந்து மட்டும் கோணிப் போனது. ஒவ்வொரு ஹோலும் முடிந்த கையோடு எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் யோசித்து எழுதினால் மிக மோசமான இரண்டு ஹோல்கள்தான் நினைவுக்கு வரும், மற்றவை மறைந்துவிடும்.

மூன்று ரவுண்டிலும் "ஸ்" பெருவாரியாக இருந்தால் மனப்பயிற்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை. 110க்கு மேல் ஸ்கோர் செய்கிறவர்களின் (கோல்ஃபில் ஷாட் குறைந்தால்தான் நல்ல ஸ்கோர்) அட்டையில் வழக்கமாக இதுதான் நிறைந்திருக்கும். அந்த மூன்று மணி நேரத்தை ஸ்விங் பயிற்சியாளரிடம் செலவழிப்பதே நல்லது.

இந்தக் குறிப்பில் ஒரு பொறி உண்டு. "மு" என்று போட வேண்டிய இடத்தில் "த" என்று போட்டுவிடுவோம். முன்னால் தண்ணீர், அதைத் தாண்ட 160 யார்டு வேண்டும், உங்கள் 6 அயர்ன் அச்சுப் பிசகாமல் பட்டால் மட்டும் 160 போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வரும் நடுக்கத்தைப் பலவீனம் என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த நடுக்கம் சொல்வது நியாயம். பத்து முறை அடித்தால் பெரும்பாலும் தண்ணீரில்தான் விழும் என்று உடம்புக்குத் தெரியும். எவ்வளவு மூச்சை இழுத்துவிட்டாலும் அந்தச் சந்தேகம் போகாது. 5 அயர்னை எடுத்தால் போய்விடும். கோல்ஃபில் மனக்கோளாறு என்று பெயர் வாங்கியதில் பெரும்பங்கு முடிவுக் கோளாறுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கருத்தின் மேல் நிற்கிறது.

முடிவெடுக்கும் முறை

1999ல் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பன் போட்டி. பிரான்சின் ஜான் வான் டி வெல்டே கடைசி ஹோலுக்கு வரும்போது மூன்று ஷாட் முன்னிலை. அந்த ஹோலை 6 ஷாட்டில் முடித்தாலே கோப்பை. ஹோலின் தொடக்க இடமான டீயில், மிக நீளமாக அடிக்கும் டிரைவர் கிளப்பை எடுத்தார், பந்து வலப்பக்கம் விலகியும் தப்பியது. அடுத்து 2 அயர்னால், குழி இருக்கும் புல்தளமான கிரீனையே குறிவைத்தார்; பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் தெறித்து அடர்ந்த புல்லில் விழுந்தது. அங்கிருந்து ஓடைக்குள், பிறகு பங்கர் என்ற மணல் குழிக்குள். முடிவில் 7. சமனை முறிக்க நடந்த பிளே-ஆஃபில் பால் லாரி வென்றார். நரம்பு தளர்ந்து தோற்றவர் என்று அவரைச் சொல்வது வழக்கம். ஆனால் டிரைவரும் 2 அயர்னும் கையில் வந்தது கை நடுங்கியதால் நடந்ததல்ல. இரண்டாவது ஷாட்டை வெட்ஜ் என்ற குறுந்தூரக் கிளப்பால் ஓடைக்கு முன்னால் போட்டிருந்தால் பின்னால் வந்த எந்தச் சோதனையும் வந்திருக்காது.

இந்த வழியைத் தொடங்க ரேஞ்சில் ஒரு மணி நேரம் போதும். 7 அயர்னால் ஒரே குறியை நோக்கி 20 பந்து அடியுங்கள். மிக மோசமான இரண்டை விட்டுவிட்டு, மீதி 18 பந்துகளில் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை உள்ள அகலத்தை, அதாவது உங்கள் பரவலை, அளந்துகொள்ளுங்கள். தூரத்துக்கு, பந்து தரையைத் தொடும் இடத்தை மட்டும் கணக்கில் எடுங்கள், உருண்டு போன தூரத்தைச் சேர்க்காதீர்கள். 18 தூரங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதுதான் உங்கள் 7 அயர்ன் தூரம். மிக நீளமாகப் போன ஒன்றை உங்கள் தூரம் என்று நம்புவதுதான் முன்பக்க பங்கர்களை நிரப்பும் பழக்கம்.

இதைக் களத்தில் பயன்படுத்துவது எளிய கணக்கு. உங்கள் பரவல் 36 யார்டு என்றால் குறிக்கு இருபுறமும் 18. கொடி, கிரீனின் வலது விளிம்பிலிருந்து 8 யார்டில் நிற்கிறது, விளிம்பையொட்டி பங்கர். கொடியையே குறிவைத்தால் வலப்பக்கம் விலகும் பந்து விளிம்பைத் தாண்டி 10 யார்டு வரை போகும். கொடிக்கு 10 யார்டு இடப்பக்கம் குறிவைத்தால் உங்கள் மோசமான வலப்பக்க ஷாட்டே விளிம்போடு நின்றுவிடும். ஸ்விங் அதேதான், மாறியது குறி மட்டும்.

எதிர்பார்ப்பைச் சரிசெய்வதும் இதே வழியின் பகுதி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி பிஜிஏ டூர் என்ற தொழில்முறைத் தொடரில் ஆடுகிறவர்களின் ஷாட் விவரங்களை அலசியபோது, 8 அடி தூர பட்டை (கிரீனில் குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) அவர்கள் சுமார் பாதி முறைதான் போடுகிறார்கள் என்று தெரிந்தது. 20 அடியிலிருந்து சுமார் 15 சதவீதம். 8 அடி பட்டைத் தவறவிட்டதற்காக அடுத்த டீயில் கொதித்துக்கொண்டு நிற்கிறவர், உலகின் தலைசிறந்தவர்களும் ஒன்றுவிட்டு ஒன்று தவறவிடும் ஒரு வேலைக்காகக் கொதிக்கிறார். இந்த எண்கள் மனதில் பதிந்தாலே "கோ" குறிகள் குறையத் தொடங்கும்.

பாதுகாப்பான குறியை எடுத்துவிட்டு ஸ்விங்கையும் பாதுகாப்பாக, பாதி வேகத்தில் விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. கிளப் தளர்ந்து பந்து வலப்பக்கம் சரியும். குறி அடக்கமாக இருக்கட்டும், வீச்சு முழுதாக இருக்கட்டும்.

ஷாட்டுக்கு முந்தைய நடைமுறை

"த" குறி அதிகம் உள்ளவர்களுக்கு உரிய வழி இது. 2001ல் ஒரு ரவுண்டில் 59 அடித்த ஆனிகா சோரன்ஸ்டாமின் பயிற்சியாளர் பியா நில்சன், லின் மேரியட்டுடன் சேர்ந்து சொல்லித்தந்த பிரிவு எங்களுக்குத் தெரிந்தவரை இதில் மிகத் தெளிவானது: பந்துக்குப் பின்னால் ஒரு கற்பனைக் கோடு, கோட்டுக்கு இப்பால் யோசனை, கோட்டைத் தாண்டினால் ஆட்டம் மட்டும்.

பையருகே நின்று தூரம், காற்று, பந்து கிடக்கும் கிடப்பு மூன்றையும் பார்த்துக் கிளப்பை எடுங்கள். பந்துக்கு இரண்டு மூன்று எட்டு பின்னால் போய், போகவேண்டிய பாதையைக் கண்ணால் வரையுங்கள். அந்தப் பாதையில் பந்துக்கு ஓரிரு அடி முன்னால் ஒரு காய்ந்த இலையோ பழைய புல் வெட்டோ இருக்கும். அதைக் கிட்டத்துக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவை ஒரே வாக்கியமாக மனதுக்குள் சொல்லுங்கள்: "7 அயர்ன், பங்கரின் இடது ஓரம்." ஒரு ஒத்திகை வீச்சு, நீளமாக ஒரு மூச்சை வெளியே விடுவது, பிறகு கோட்டைத் தாண்டுவது. முதலில் கிளப் முகத்தைக் கிட்டத்துக் குறிக்கு நேராக வையுங்கள், கால்கள் அதன் பிறகு. குறியை ஒருமுறை பார்த்து, அடியுங்கள். கோட்டைத் தாண்டியதிலிருந்து அடிக்கும் வரை பத்து நொடிக்கு மேல் போகக் கூடாது. நின்றுகொண்டே இருந்தால் தோள் இறுகும், தசை இறுகியபின் வரும் ஸ்விங் வேறு ஸ்விங். மொத்தம் 25 முதல் 30 நொடி. ஆடும் முறை வந்தபின் 40 நொடிக்குள் ஷாட்டை ஆடும்படி கோல்ஃப் விதி 5.6 பரிந்துரைக்கிறது, இந்த நடைமுறை அதற்குள் அடங்கும்.

கோட்டைத் தாண்டிய பின் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பின்வாங்க வேண்டும். மறுபடி கோட்டுக்குப் பின்னால் போய் வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். கூட ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்களே என்ற கூச்சத்தில் அப்படியே அடித்துவிடுவதால்தான் நடைமுறை இருந்தும் "த" குறி குறையாமல் இருக்கிறது.

அந்தப் பத்து நொடியில் மனதை எங்கே வைப்பது? கேப்ரியேல் வுல்ஃபும் சகாக்களும் 1999ல் புதியவர்களைக் கொண்டு செய்த ஆய்வில், கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிட கிளப்பின் ஊசலாட்டத்தைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். முழங்கையை நினைக்காமல் கிளப் தலையையோ குறியையோ நினைப்பது பலன் தரும். "தண்ணீரில் போட்டுவிடாதே" போன்ற எச்சரிக்கையை மனதுக்குள் சொல்லாதீர்கள். டேனியல் வெக்னரும் சகாக்களும் 1998ல் வெளியிட்ட பட்டிங் ஆய்வில், குழியைத் தாண்டி அடிக்காதே என்று சொல்லப்பட்டவர்கள், மனதில் ஓர் எண்ணையும் சுமந்தபடி அடித்தபோது அதையே அதிகம் செய்தார்கள். களத்தில் ஸ்கோர் கணக்கு அந்தச் சுமையின் வேலையைச் செய்யும்.

பட்டிங்கில் கூடுதலாக ஒன்று. ஜோன் விக்கர்ஸ் 1990களில் இருந்து ஆராய்ந்த "அமைதிக் கண்" பழக்கம் கற்றுக்கொள்ள எளிது. பட்டரை அசைக்கும் முன் பந்தின் பின்புறம் ஒரே புள்ளியில் சுமார் இரண்டு நொடி பார்வையை நிறுத்துங்கள். பந்து போன பிறகும் அது இருந்த இடத்தில் கண் ஒரு கணம் தங்கட்டும். பந்து போகும் திசையைப் பார்க்கும் அவசரத்தில் தலை எழும்ப, தோள் திறக்க, குறுகிய பட் வலப்பக்கம் நழுவுவது இதனால் குறையும்.

புதியவர்களுக்கும் பழகியவர்களுக்கும் இங்கே வேறுபாடு உண்டு. சியன் பைலாக்கும் சகாக்களும் 2004ல் வெளியிட்ட ஆய்வில், வேகமாக அடிக்கச் சொன்னபோது தேர்ந்தவர்களின் பட்டிங் மேம்பட்டது, புதியவர்களுடையது கெட்டது. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் திறன் அதிகம்) 10க்குக் கீழே உள்ளவர் ஒத்திகை வீச்சையே விட்டுவிட்டுப் பார்க்கலாம். 25க்கு மேலே உள்ளவருக்கு இரண்டு ஒத்திகை இருந்தாலும் தவறில்லை.

நடைமுறையை ரேஞ்சில் பழகாமல் களத்தில் மட்டும் செய்தால் நான்காவது ஹோலில் மறந்துபோகும். ஒரு கூடை 50 பந்து என்றால் கடைசி 15 பந்தை முழு நடைமுறையோடு அடியுங்கள். நண்பர் ஒருவர் சொல்லாமல் நேரம் பார்க்கட்டும். ஷாட்டுக்கு ஷாட் மூன்று நொடிக்கு மேல் வேறுபட்டால் இன்னும் பழக்கமாகவில்லை என்று பொருள்.

இந்த இரண்டில் எது முதலில் என்றால், முடிவெடுக்கும் முறைதான். அதன் பலன் அடுத்த ரவுண்டிலேயே தெரியும். நடைமுறை தானாக வர நான்கைந்து வாரம் பிடிக்கும். தவறான முடிவை ஒழுங்கான நடைமுறையோடு செய்தாலும் பந்து தண்ணீருக்குத்தான் போகும்.

அழுத்தத்தோடு பயிற்சி

ரேஞ்சில் ஒரே கிளப்பால் ஒரே குறிக்கு 40 பந்து அடிக்கும்போது கை பழகிவிட்டதாகத் தோன்றும். களத்தில் ஒரே ஷாட்டை இரண்டாம் முறை அடிக்க யாரும் விடுவதில்லை. ஒரே செயலைத் தொடர்ந்து செய்வதைவிட மாற்றி மாற்றிச் செய்யும் பயிற்சி, அப்போதைக்கு மோசமாகத் தெரிந்தாலும் பின்னாளில் நன்றாக நிலைக்கிறது என்பதை ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1979லேயே காட்டினார்கள். அந்த "மோசமாகத் தெரிவது"தான் பலரை இந்த வழியிலிருந்து விரட்டுகிறது. பந்துக்கு ஒரு கிளப் மாற்றி, கற்பனையாக ஒரு ஹோலை ஆடுவதுபோல டிரைவர், அயர்ன், வெட்ஜ் என்று அடித்தால் ரேஞ்சில் ஷாட்கள் அசிங்கமாகத்தான் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கே இந்த வழி.

பட்டிங்குக்கு, குழியைச் சுற்றி நான்கு பக்கமும் 3 அடி தூரத்தில் டீ ஆணி குத்தி, சுற்றிச் சுற்றி 20 பட்டைத் தொடர்ச்சியாகப் போடுங்கள். ஒன்று தவறினால் ஒன்றிலிருந்து. 17, 18 வரும்போது நெஞ்சு துடிக்கும். தேடி வந்தது அந்தத் துடிப்பைத்தான். தூரத்தை ஆசைப்பட்டு 5 அடிக்குக் கூட்டாதீர்கள். டூர் ஆட்டக்காரர்களே 5 அடியில் சுமார் 77 சதவீதம்தான் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் தொடர்ந்து பத்து போட அவர்களுக்கே ஏழு சதவீத வாய்ப்புதான். எட்டாத இலக்கை வைத்தால் பயிற்சி எரிச்சலையே பழக்கும். 15 நிமிடத்தில் முடியாவிட்டால் எட்டிய எண்ணை எழுதிவிட்டுக் கிளம்புங்கள். கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தைச் சிறு அடியாகப் போடும் சிப்பிங்குக்கு, ஒரே பந்தோடு கிரீனைச் சுற்றி ஒன்பது இடங்களிலிருந்து சிப் செய்து, ஒவ்வொன்றையும் பட் போட்டு முடித்து, மொத்தத்தை வாராவாரம் குறித்து வாருங்கள்.

ஸ்விங்கில் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது இந்த வழி வேண்டாம். புதிய அசைவு நிலைபெற ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு நடுவில் அழுத்தம் கொடுத்தால் உடம்பு பழைய அசைவுக்கே ஓடிவிடும்.

மூச்சும் தியானமும்

"கோ" குறி அதிகமென்றால் இது உதவும், மற்றபடி துணைக் கருவி மட்டுமே. நான்கு நொடி உள்ளே, ஆறு நொடி வெளியே, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. தினமும் பத்து நிமிடம் வீட்டில் பழகினால்தான் களத்தில் கைகொடுக்கும். முதல் டீயில் நின்று முதன்முறையாக ஆழ்ந்து ஆழ்ந்து இழுத்தால் தலைதான் சுற்றும். இழுப்பதைவிட நீளமாக விடுவதே முக்கியம், அதுவும் பந்தை நோக்கி நடக்கும்போது. பந்தின் மேல் குனிந்து நின்றுகொண்டு மூச்சை எண்ணினால் அதுவே இன்னொரு சுமை. செயலியின் ஒலியைக் காதில் மாட்டிக்கொண்டு ஆடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: கவனச் சிதறலைத் தடுக்கவோ ஸ்விங் தாளத்துக்காகவோ ரவுண்டின்போது இசையோ ஒலிப்பதிவோ கேட்பதை விதி 4.3 தடைசெய்கிறது. முதல் மீறலுக்கு மொத்த ஷாட்டை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஷாட் அபராதம்.

கோபத்துக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்வது தியானத்தைவிட விரைவாகப் பலன் தரும். கையுறையைக் கழற்றிக் கிளப்பைப் பைக்குள் வைக்கும்வரை என்ன வேண்டுமானாலும் உணரலாம். கிளப் பைக்குள் விழும் சத்தத்தோடு அந்த ஷாட் முடிந்தது. 2011 மாஸ்டர்ஸில் நான்கு ஷாட் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி 80 அடித்துச் சரிந்த ரோரி மெக்கில்ராய், இரண்டே மாதத்தில் யுஎஸ் ஓப்பனை எட்டு ஷாட் வித்தியாசத்தில் வென்றார். ஒரு மோசமான ஷாட்டை அதன் இடத்திலேயே விட்டுவிடுவதற்கும் பயிற்சி உண்டு, அது இப்படிச் சின்ன அளவில்தான் தொடங்குகிறது.

உளவியலாளர்

மூன்று நிலைமைகளில் இதை முதல் வழியாக எடுக்கலாம்: போட்டிக்கு முந்தைய இரவுகளில் தூக்கமே வராதபோது, களத்துக்குப் போகவே பயம் வரும்போது, குறுகிய பட்டில் கை தானாக வெட்டி இழுக்கும்போது. கடைசியாகச் சொன்னதற்கு யிப்ஸ் என்று பெயர். இதை வெறும் பயம் என்று எண்ணித் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பது பெரிய தவறு. சிலருக்கு இது நரம்பும் தசையும் சம்பந்தப்பட்ட கோளாறு. மனப்பயிற்சி மட்டும் போதாது, பிடியையோ பட்டரையோ மாற்றிக் கைக்குப் புதிய வேலை கொடுக்க வேண்டியிருக்கும். பெர்ன்ஹார்ட் லாங்கர் யிப்ஸோடு போராடிப் பிடிகளை மாற்றி மாற்றி 1985லும் 1993லும் மாஸ்டர்ஸை வென்றார். நீள பட்டரை உடம்பில் அழுத்தி ஊன்றி அடிப்பது 2016 முதல் விதிப்படி கூடாது. நீள பட்டரை ஊன்றாமல் பயன்படுத்தத் தடையில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். களத்துக்கு வந்து ஒன்பது ஹோலாவது பார்ப்பீர்களா? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்போம்? என் ஸ்விங் பயிற்சியாளரோடு பேசுவீர்களா? மூன்றாவதை விட்டுவிட்டால், ஒருவர் "இடுப்பைக் கவனி" என்றும் மற்றவர் "எதையும் கவனிக்காதே" என்றும் சொல்ல, நடுவில் நீங்கள் நிற்பீர்கள்.

எந்த நிலைமைக்கு எது

இரண்டு வாரத்தில் போட்டி என்றால் முடிவெடுக்கும் முறையை மட்டும் தொடுங்கள். பரவலை அளந்து, 18 ஹோலுக்கும் டீயில் எந்தக் கிளப், எந்தக் குறி என்று முந்தின நாளே எழுதிவிடுங்கள். புதிய நடைமுறையோ மூச்சுப் பயிற்சியோ அப்போது தொடங்கினால் யோசிக்க இன்னொரு விஷயம் கூடியதாகவே முடியும். மூன்று மாதம் இருந்தால் முதல் வாரம் பரவல், அடுத்த ஐந்து வாரம் நடைமுறை, அதன் பிறகு வாரத்தில் ஒரு மணி நேரம் அழுத்தப் பயிற்சி. ஹேண்டிகேப் ஒற்றை எண்ணில் உள்ளவர்களுக்கு முடிவுகள் பெரும்பாலும் சீராக இருக்கும். அவர்கள் நேராக அழுத்தப் பயிற்சிக்கும் அமைதிக் கண்ணுக்கும் போகலாம்.

பலனை ஸ்கோரால் அளக்காதீர்கள். எதையும் மாற்றாமலே ஒருவரின் ஸ்கோர் ரவுண்டுக்கு ரவுண்டு எட்டு, பத்து ஷாட் ஏறி இறங்கும். ஒரு ரவுண்டில் எத்தனை ஷாட்டுக்கு நடைமுறையை முழுதாகச் செய்தீர்கள், எத்தனை டபுள் போகி (ஹோலுக்கு வகுத்த கணக்கைவிட இரண்டு ஷாட் அதிகம்) வந்தது, "மு", "த", "கோ" எத்தனை என்று ஐந்து ரவுண்டுக்கு எண்ணுங்கள். எடுத்த வழிக்குரிய எழுத்து பாதியாகக் குறைந்திருந்தால் அடுத்த வழிக்கு நகரலாம். குறையவில்லை என்றால் எழுத்தைத் தப்பாகப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். "த" என்று குறித்த ஷாட் ஒவ்வொன்றுக்கும் எந்தக் கிளப்பை எடுத்தீர்கள், அந்தக் கிளப்பின் நடுத்தூரம் எவ்வளவு என்று ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.